எடை மெஷினும் இஞ்ச் டேப்பும்: உடல் பருமனை மருத்துவம் அளந்த கதை

1862ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். தொழில், சவ அடக்க ஏற்பாடு செய்வது. அரச குடும்பத்துக்கே சவப்பெட்டி செய்து கொடுத்த பெரிய நிறுவனம் அவர்களுடையது. அவருக்கு அப்போது கிட்டத்தட்ட 66 வயது. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்ட், அதாவது சுமார் 92 கிலோ. அடுத்த ஆண்டு தன் உடம்பைப் பற்றி அவரே ஒரு சின்னப் புத்தகம் எழுதி வெளியிட்டார். மாவுப் பண்டமும் சர்க்கரையும் குறைத்து எடை இறக்கிய கதை அது. டயட் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லலாம்.

என்னைக் கவர்ந்தது அவருடைய டயட் இல்லை. தன் பருமன் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை அவர் சொன்ன விதம். குனிந்து ஷூ கயிறு கட்ட முடியவில்லை. மாடிப்படியில் நேராக இறங்கினால் முட்டியும் கணுக்காலும் அதிர்ந்து வலிக்கும் என்பதால் பின்பக்கமாகத் திரும்பி, மெல்ல மெல்ல இறங்கினார். கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்கியது. தொப்புளில் குடலிறக்கம். காது வேறு மந்தமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அவருக்கு வழி சொன்னவரே ஒரு காது மருத்துவர்தான்.

இப்போது பான்டிங்கை இன்றைய கணக்கில் போட்டுப் பார்ப்போம். 5 அடி 5 அங்குலத்துக்கு 202 பவுண்ட் என்றால் பி.எம்.ஐ. 33.6 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி இது 'முதல் வகுப்பு' பருமன். மூன்று வகுப்பில் இருப்பதிலேயே லேசானது. படியில் பின்பக்கமாக இறங்குகிற மனுஷனுக்கு லேசான வியாதி!

இந்த முரண்பாடு பான்டிங்கோடு முடிந்த விஷயம் இல்லை. பருமன் 'எவ்வளவு தீவிரம்' என்று ஒரு மருத்துவர் எதை வைத்துச் சொல்கிறார்? எடையை வைத்தா, கொழுப்பை வைத்தா, அந்த உடம்பு படும் பாட்டை வைத்தா? இந்தக் கேள்விக்குச் சுமார் 200 வருஷ வரலாறு இருக்கு. யாருக்கு சிகிச்சை கிடைக்கும், யாரை 'நீங்க நார்மல்தான்' என்று திருப்பி அனுப்புவார்கள் என்பதை இன்றைக்கும் அந்த வரலாறுதான் முடிவு செய்கிறது.

வானம் பார்த்தவர் கொடுத்த சூத்திரம்

பி.எம்.ஐ. கணக்கின் மூலவர் அடால்ஃப் கெட்டலே (1796–1874). பெல்ஜியத்துக்காரர். மருத்துவர் இல்லை. கணிதம் படித்தவர், பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை நிறுவியவர். நட்சத்திரத்தின் இடத்தைப் பல தடவை அளந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி வரும். அந்த அளவுகளெல்லாம் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி மணி வடிவத்தில் குவியும். இதே விஷயம் மனிதர்களிடமும் இருக்குமா என்று அவர் பார்த்தார். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேருடைய மார்புச் சுற்றளவை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதே மணி வடிவம்.

இந்தப் பார்வையின் மையம் அவருடைய 'சராசரி மனிதன்' என்ற கருத்து. 1835இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூல் அதைப் பற்றியது. உயரமும் எடையும் எப்படிச் சேர்ந்து வளர்கின்றன என்பதும் அந்த ஆராய்ச்சியில் வந்தது. உடம்பு எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், எடை உயரத்தின் முப்படிக்கு ஏற்றபடி கூட வேண்டும். ஆனால் வளர்ந்த மனிதர்களை ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடிதான் கூடுகிறது. உயரமானவர்கள் குட்டையானவர்களின் பெரிதாக்கிய நகல் இல்லை, கொஞ்சம் ஒடிசலானவர்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது.

பருமன் பற்றியோ வியாதி பற்றியோ அவருக்கு அக்கறை இல்லை. ஒரு கூட்டத்தை வர்ணிக்க ஒரு கணக்கு கண்டுபிடித்தார். அதை ஒரு தனி மனிதனின் நெற்றியில் ஒட்டும் வேலை பின்னால் வந்தவர்களுடையது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி மேஜைக்கு வந்த உடம்பு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர்கள் மருத்துவர்களை விட ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள்தான். காரணம் எளிது. பாலிசிதாரர் சீக்கிரம் செத்தால் நஷ்டம் அவர்களுக்கு. அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து 1912இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. எடை கூடினால் சாவும் கூடுகிறது என்று அதன் எண்கள் காட்டின.

இதை வீட்டுக்கு வீடு கொண்டு போனவர் லூயிஸ் டப்ளின். மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனத்தின் புள்ளியியலாளர். 1942, 43இல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் 'இலட்சிய எடை' அட்டவணைகள் வந்தன. உயரத்துக்கு நேராக மூன்று கட்டம்: சிறிய உடல்வாகு, நடுத்தரம், பெரியது. 1959இல் அதைத் திருத்தி, பெயரை 'விரும்பத்தக்க எடை' என்று மாற்றினார்கள். 1983இல் மறுபடி திருத்தம், எண்கள் கொஞ்சம் மேலே போயின.

இதுல வேடிக்கை என்னன்னா, ஒருவரின் உடல்வாகு சிறியதா பெரியதா என்று எப்படி அளப்பது என்பதை அந்த அட்டவணை ஆரம்பத்தில் சொல்லவே இல்லை. முழங்கை எலும்பின் அகலத்தை அளந்து பார்க்கும் வழி 1983 பதிப்பில்தான் வந்தது. அதுவரை பார்த்தவர் கண்ணுக்குத் தோன்றியதுதான் உடல்வாகு. உயரமும் எடையும்கூட ஷூவோடும் உடுப்போடும் எடுத்தவை. 1959 அட்டவணையில் ஆண்களுக்கு 1 அங்குலக் குதிகால், பெண்களுக்கு 2 அங்குலக் குதிகால் என்று கணக்கு. தரவு கொடுத்தவர்களோ பாலிசி வாங்க வசதி இருந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளை இனத்தவர். பாலிசி எடுத்த அன்று போட்ட எடைதான் கடைசிவரை கணக்கில் இருந்தது.

ஆனாலும் மருத்துவர்களுக்குக் கையில் வேறு எதுவும் இல்லை. இலட்சிய எடையை விட 20 சதவீதம் கூடினால் பருமன் என்று வழக்கம் வந்தது. 1960களில் பருமனுக்குக் குடல் பைபாஸ் அறுவை சிகிச்சை பரவியபோது 100 பவுண்ட் கூடுதல் என்பது ஒரு எல்லைக்கோடாக ஆனது. 'மார்பிட் ஒபிசிட்டி' என்ற பயமுறுத்தும் சொல்லும் அந்தக் காலத்தில் வந்ததுதான். காப்பீட்டுக்காரர்களின் லாப நஷ்டக் கணக்கு, இப்படியாகக் கிளினிக் சுவரில் ஏறியது.

கீஸ் வைத்த பெயர்

ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளருக்கு இந்த அட்டவணைகள் மேல் கடும் எரிச்சல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மினசோட்டாவில் தன்னார்வலர்களைப் பட்டினி போட்டு ஆராய்ந்தவர் அவர்தான். 1972இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 5 நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை எடுத்து, எடையும் உயரமும் சேர்ந்த பல சூத்திரங்களைப் போட்டி போட வைத்தார்கள். எடையை உயரத்தால் வகுப்பது ஒன்று. உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது ஒன்று. முப்படி மூலம் போட்டுச் செய்வது இன்னொன்று. தோல் மடிப்பின் கனம், உடலின் அடர்த்தி ஆகியவற்றோடு எது ஒத்துப்போகிறது என்பதுதான் சோதனை.

கெட்டலேயின் பழைய சூத்திரம் ஜெயித்தது. கீஸ் அதற்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார். இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒன்று, அது ஜெயித்தது மற்ற மோசமான சூத்திரங்களோடு போட்டி போட்டுத்தான். ஆளுக்கு ஆள் கொழுப்பில் இருக்கும் வித்தியாசத்தில் பாதியைக்கூட அது பிடிக்கவில்லை. இரண்டு, அளந்தது ஆண்களை மட்டும். கூட்டம் கூட்டமாக மக்களை ஒப்பிட ஒரு கருவி என்றுதான் கீஸ் அதை முன்வைத்தார்.

ஆனால் இவ்வளவு மலிவான கருவி கிடைத்தால் யார் விடுவார்கள்? ஒரு எடை மெஷின், ஒரு அளவுகோல், ஒரு வகுத்தல் கணக்கு. பிரிட்டனில் ஜான் கேரோ 1981இல் அதையே தரவரிசையாக்கினார்: 25க்கு மேல் முதல் நிலை, 30க்கு மேல் இரண்டாம் நிலை, 40க்கு மேல் மூன்றாம் நிலை. 25, 30, 40 என்ற இந்த உருண்டை எண்கள் அப்படியே உலக சுகாதார நிறுவனத்தின் 1990களின் அறிக்கைகளுக்குள் போயின. 2000இல் வெளியான அறிக்கையில் இன்று நாம் பார்க்கும் பட்டியல் முழுசாக வந்துவிட்டது: 30–34.9 முதல் வகுப்பு, 35–39.9 இரண்டாம் வகுப்பு, 40க்கு மேல் மூன்றாம் வகுப்பு.

உடம்பு ஏறுவது இறங்குவதில் அப்படி ஒரு துல்லியமான படிக்கட்டு கிடையாது. 29.9இல் இருந்து 30க்குப் போகும் அன்று ராத்திரி உடம்புக்குள் எந்த மணியும் அடிப்பதில்லை. கோடு நம்முடையது. அமெரிக்காவில் 1985இல் வைத்த எல்லை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. 1998இல் அதை இருவருக்கும் 25 என்று இறக்கினார்கள். ஒரு கிராம் கூட ஏறாமலேயே இரண்டரைக் கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் 'அதிக எடை' பட்டியலுக்குள் வந்து விழுந்தார்கள்.

கோடுகளுக்குப் பின்விளைவும் உண்டு. 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பருமன் அறுவை சிகிச்சைக்கு விதி வகுத்தது: பி.எம்.ஐ. 40 இருக்கணும், அல்லது 35 இருந்து கூடவே தீவிர நோய் இருக்கணும். முப்பது வருஷத்துக்கும் மேல் இதுதான் வேதவாக்கு. 2022இல்தான் அறுவை சிகிச்சை சங்கங்கள் அந்த எல்லையைக் கீழே இறக்கின. நம்ம பான்டிங் 33.6. அந்த முப்பது வருஷமும் அவர் வந்து நின்றிருந்தால் கதவு திறந்திருக்காது.

எவ்வளவு என்பதை விட எங்கே

இந்த எண் கணக்கெல்லாம் ஒரு பக்கம் நடக்க, பிரான்ஸில் மார்செய் நகரத்தில் ழான் வாக் என்ற மருத்துவர் வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1947இல் எழுதினார்: இரண்டு பேர் ஒரே எடை இருக்கலாம், ஆனால் ஒருவருக்கு வயிற்றிலும் மேல் உடம்பிலும் சேர்கிறது, இன்னொருவருக்கு இடுப்பிலும் தொடையிலும். சர்க்கரை வியாதியும் ரத்தக்குழாய் அடைப்பும் வயிற்றுக்காரர்களைத்தான் தேடி வருகின்றன. பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வுகள் இடுப்பு அளவை வைத்து மாரடைப்பைக் கணிக்கலாம் என்று காட்டிய பிறகுதான் வாக்கின் பேச்சு மறுபடி எடுபட்டது.

தொடையில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவான சேமிப்பு. வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்வது அப்படியல்ல. அதன் கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகின்றன, இன்சுலின் சொல் பேச்சு எடுபடாமல் போகிறது. இதை எடை மெஷின் காட்டாது. இஞ்ச் டேப் காட்டும்.

இங்கேதான் இந்தியா கதைக்குள் வருகிறது. 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியானது. இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் லண்டனின் ஜான் யுட்கின், இன்னொருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். அட்டவணைப்படி இருவரும் சரியான எடை. உள்ளே இருமடங்குக்கும் மேல் வித்தியாசம்.

யாக்னிக் குழு இதைப் பிறப்பிலேயே பார்த்தது. புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை, தசை, வயிற்று உறுப்புகள் எல்லாம் இங்கே குறைவு. ஆனால் முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 'மெலிந்த, ஆனால் கொழுத்த' குழந்தை என்று இதற்குப் பெயர் வந்தது.

அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23லும் 27.5லும் எச்சரிக்கைப் புள்ளிகள் வைத்தது. பழைய கோடுகளையும் அழிக்கவில்லை. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி நமக்கென்று ஒரு வரம்பு வகுத்தார்கள்: 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

165 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. 25.7. சர்வதேசக் கணக்கில் கொஞ்சம் எடை கூடியவர். இந்தியக் கணக்கில் பருமன். நம்மூர் பேச்சில் 'பூசினாப்ல இருக்கார்', அவ்வளவுதான். ஒரே உடம்பு, மூன்று தீர்ப்பு.

அளக்கும்போது ஒரு விஷயம்: பேண்ட் சைஸ் இடுப்பு அளவு ஆகாது. நம்ம ஆட்கள் தொப்பைக்குக் கீழேதான் பெல்ட் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் வைத்து, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் எடுக்க வேண்டும். எண்ணை நினைவில் வைக்க முடியாவிட்டால் பிரிட்டன் வழிகாட்டுதலில் 2022இல் வந்த எளிய விதி இருக்கு: இடுப்பு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும்.

மறுபடி படிக்கட்டுக்கு

எடை ஆச்சு, இடம் ஆச்சு. பான்டிங் சொன்னது இன்னும் பாக்கி. அந்த உடம்பால் என்ன முடிகிறது, என்ன கெட்டுப்போயிருக்கிறது?

கனடாவின் எட்மன்டனில் பணியாற்றிய ஆர்ய ஷர்மாவும் சிகாகோவின் ராபர்ட் குஷ்னரும் 2009இல் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். புற்றுநோய்க்கு நிலை சொல்வது போலப் பருமனுக்கும் 0 முதல் 4 வரை நிலை. பி.எம்.ஐ. வாசலோடு சரி, உள்ளே கேட்பது வேறு கேள்விகள்.

நிலை 0: எடை மட்டும் கூட. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரி, நடமாட்டத்தில் குறையில்லை.

நிலை 1: பிரஷரும் சர்க்கரையும் எல்லையில் நிற்கின்றன, வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, அங்கங்கே வலி.

நிலை 2: சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத்திணறல், மூட்டுத் தேய்மானம் போன்ற ஒன்று உறுதியாகிவிட்டது. அன்றாட வேலை பாதிக்கிறது.

நிலை 3: மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு என்று உறுப்பே சேதம்.

நிலை 4: படுக்கையோடு படுக்கை என்னும் கடைசிக் கட்டம்.

மன உளைச்சலும் வாழ்க்கைத் தரமும்கூட ஒவ்வொரு நிலையிலும் கணக்கில் உண்டு. 2011இல் அமெரிக்க தேசிய உடல்நல ஆய்வின் தரவில் இதைப் பொருத்திப் பார்த்தார்கள். நிலை 2, 3இல் இருந்தவர்கள் 0, 1இல் இருந்தவர்களை விடத் தெளிவாக அதிகம் இறந்திருந்தார்கள். பி.எம்.ஐ. வகுப்புகளால் அவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை.

பான்டிங்கை இதில் வைத்தால் குறைந்தது நிலை 2. பி.எம்.ஐ. 42 இருந்தும் பரிசோதனையெல்லாம் சுத்தமாக, படியேறி இறங்குகிற ஒரு இளைஞர் நிலை 0. இருவரில் யாருக்கு முதலில் சிகிச்சை? எடை மெஷின் ஒரு பதில் சொல்லும், இந்த அட்டவணை வேறு பதில் சொல்லும்.

உண்மையில் இந்தப் பார்வை ரொம்பப் புதுசு இல்லை. சரக சம்ஹிதையில் அளவுக்கு மீறிப் பருத்தவருக்கு எட்டு தோஷங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: ஆயுள் குறைவு, சுறுசுறுப்பின்மை, பலவீனம், அதிக வியர்வை, மிதமிஞ்சிய பசி தாகம் என்று போகிறது அந்தப் பட்டியல். தராசே கிடையாது. உடம்பின் செயலை வைத்தே எடை போட்டிருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் லான்செட் குழும இதழ் ஒன்றில் நிபுணர்கள் கொண்ட ஆணையம் புதிய வரையறை கொடுத்தது. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்துப் பருமன் என்று முத்திரை குத்தக் கூடாது. இடுப்பு அளவோ நேரடிக் கொழுப்பு அளவீடோ சேர்த்து உறுதி செய்ய வேண்டும் (40க்கு மேல் போனவர்களுக்கு அது தேவையில்லை). அதன்பிறகு இரண்டு பிரிவு. உறுப்புகளோ அன்றாடச் செயல்பாடோ பாதித்திருந்தால் 'நோய்நிலைப் பருமன்'. பாதிக்காமல் கொழுப்பு மட்டும் கூடியிருந்தால் 'முன்நிலைப் பருமன்'. அதே மாதம் இந்திய மருத்துவர் குழு ஒன்றும் 2009 வரம்பைத் திருத்தி, 23க்கு மேல் உள்ளவர்களைப் பாதிப்பு இல்லாதவர், பாதிப்பு உள்ளவர் என்று இரண்டு நிலையாகப் பிரித்தது.

இதற்கும் எதிர்ப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. உறுப்பு கெட்ட பிறகுதான் 'நோய்' என்றால், கெடும்வரை காப்பீட்டு நிறுவனம் பணம் தர மாட்டேன் என்று சொல்லாதா? முன்நிலையில் தடுத்திருக்க வேண்டியதைத் தவற விட மாட்டோமா? விலை கூடிய புதிய எடைக்குறைப்பு ஊசிகள் வந்திருக்கும் காலத்தில் இது வெறும் வரையறைச் சண்டை இல்லை. யார் பெயர் வரிசையில் முன்னால் வரும் என்ற சண்டை. இன்னொரு பக்கம், கருவியின் எளிமையையும் லேசில் தள்ளிவிட முடியாது. ஐந்து நிமிஷத்தில் நூறு பேரைப் பார்க்கிற ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்கேன் கேட்டால் நடக்குமா? அங்கே பி.எம்.ஐ. இன்னும் பயன்படும் வடிகட்டிதான். இஞ்ச் டேப் ஒன்று சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அதனால் அடுத்த முறை உங்கள் ரிப்போர்ட்டில் பி.எம்.ஐ. என்ற கட்டத்தைப் பார்த்தால், அது கூட்டத்தை எண்ண வந்த ஒரு கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். எண் 23க்குள் இருக்கிறது என்று தொப்பையை மறக்க வேண்டாம். 30ஐத் தாண்டிவிட்டது என்று நொறுங்கவும் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது இடுப்பு அளவு, பிரஷர், மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு இவற்றோடு, ராத்திரி குறட்டையும் மூச்சுத்திணறலும் உண்டா, முட்டி வலிக்கிறதா, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மெஷினுக்குத் தெரியாத பாதி அதில்தான் இருக்கு.